அம்மா ஓடிய படம்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினெட்டு வயது. மார்டள்ளியிலிருந்து அத்தை வந்து ஒரு வரனைப் பற்றிப் பேசிவிட்டுப் போன அன்றைக்குத்தான், எனக்கும் ஒருநாள் பிள்ளை இருக்கும், அது வளர்ந்து பெரியதாகும் என்பது முதன்முதலாக மனதில் பட்டது. ஏனோ என் நினைப்பில் நீ குழந்தையாக வருவதே இல்லை. மீசை வைத்த பெரியவனாக, என்னைவிட மூத்தவனாக வந்து கதவோரம் நிற்கிறாய். என்னைவிட மூத்தவனுக்குப் புத்தி சொல்வது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தசராவுக்கு ஒரு படம் வருகிறது. அதில் செத்துப்போன என் அம்மா இருக்கிறாள். நானும் இருக்கிறேனா என்று எனக்குத் தெரியாது. அதிலிருந்து என்னை நீக்கி எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். எடுத்தார்களா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா உனக்குப் பாட்டி, அப்பா உனக்குத் தாத்தா. ஆனால் நான் கூப்பிட்டுப் பழகியபடியே எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது ஒரு காரணம். எழுந்து நின்று படி என்று டீச்சர் சொன்னால் என் தொண்டையிலிருந்து சத்தம் வராது, அது இன்னொரு காரணம். இப்போது வீட்டிலேயே சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். தையல் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டே படம் பார்ப்பேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, எதுவானாலும் சரி. யாரோடும் பேச வராத எனக்குப் படத்தைப் பற்றி மட்டும் மனதுக்குள் பேச்சு நிற்காது. அப்பாவிடம் சொல்வேன், வேறு யாரும் கேட்டதில்லை. அதனால் நீ கேள்.

அம்மா ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கூட்டத்தில் நிற்பவள். மைசூரில் ஷூட்டிங் இல்லாத மாதம் இருக்காது. அரண்மனை வேண்டுமென்றால் இங்கே வருவார்கள், ஆற்றங்கரைப் படித்துறை வேண்டுமென்றால் ஸ்ரீரங்கப்பட்டணம் போவார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு மஞ்சுளாக்கா. "நாளைக்குக் கல்யாண சீன், பட்டு எடுத்துக்கோ. அழுவுற சீன் இல்ல, அதனால நகையும் போட்டுக்கோ" என்று முந்தின நாளே சொல்லி அனுப்புவாள். சொந்தச் சேலையில்தான் போகவேண்டும். அதனால் எங்கள் வீட்டில் படங்களுக்கு அவற்றின் பெயர் கிடையாது. அம்மா எந்தச் சேலையில் வந்தாளோ அந்தப் பெயர்தான். மாம்பழக் கலர் படம், வெங்காயத்தோல் படம், கிளிப்பச்சைப் படம். ஊரெல்லாம் ஒரு ஹீரோவின் பெயரைச் சொல்லிப் பட்டாசு வெடிக்கும்போது அப்பா என்னிடம், "கிளிப்பச்சை நல்லா ஓடுதாமே" என்பார். அப்பா ஒரு நர்சிங் ஹோமில் லிஃப்ட் ஆபரேட்டர். மேலும் கீழும் போகிறவர்களிடம் என் மனைவியின் படம் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். அவர்களும் நம்பாமல் சிரிப்பார்கள்.

அதனால் எனக்குப் படம் பார்க்கும் பழக்கமே வேறு மாதிரி வந்துவிட்டது. நான் ஹீரோவைப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பின்னால் பஸ் ஏறுகிறவர்களை, காய்கறி வாங்குகிறவர்களை, கோர்ட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பேன். நீயும் அப்படிப் பார்த்துப் பழகு. ஒரு டைரக்டர் நல்லவரா என்று அங்கே தெரிந்துவிடும். போன வருடம் எல்லோரும் கொண்டாடிய போலீஸ் படத்தில் பின்னால் இருக்கும் ஒருவர்கூட எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை, நிற்கச் சொன்னதால் நின்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த வருடம் வந்த பேய்ப் படமும் பிடிக்கவில்லை. கதவு படபடக்கிறது, கண்ணாடி உடைகிறது, பாட்டுக்காரர்கள் மொத்தமாகக் கத்துகிறார்கள். போனவர்கள் வரும்போது அப்படியெல்லாம் சத்தம் இருக்காது மகனே. எனக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அரக்குக் கலர் படம்தான். சின்னக் கன்னடப் படம், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. நஞ்சன்கூடு பஸ் ஸ்டாண்டில் எடுத்தார்கள். அம்மா ஒரு பையோடு நடந்து போகவேண்டும், அஷ்டே. அஷ்டே என்றால் கன்னடத்தில் அவ்வளவுதான் என்று அர்த்தம், மஞ்சுளாக்கா எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, கேமராவைப் பார்க்கக்கூடாது. பார்த்துவிட்டால் ஷாட் வீண், மறுபடி கூப்பிடமாட்டார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாமல் அம்மா கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நடந்து வந்தவள் நான் இறங்கிவிட்டேனா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டாள். கேமராவும் நானும் ஒரே பக்கம் இருந்தோம். மஞ்சுளாக்கா தலையில் கை வைத்துக்கொண்டாளாம். ஆனால் டைரக்டர், "இருக்கட்டும், அந்த அம்மா எதையோ விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு" என்று அதையே படத்தில் வைத்துவிட்டார். இப்போதும் யார் அந்தப் படத்தைப் போட்டாலும், அந்த இடத்தில் அம்மா திரும்பிப் பார்ப்பாள். நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. கடைசி இரண்டு வருடம் நிற்கவே கஷ்டப்பட்டாள். ஒருநாள் ஷூட்டிங்கிலிருந்து சீக்கிரமே வந்து, தரையில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள். "இன்னைக்கு நடிக்கவே இல்ல. ஒரு கூடாரத்துக்குள்ள நிக்க வச்சாங்க. சுத்தி எல்லாப் பக்கமும் கேமரா, கூண்டு மாதிரி. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி எடுத்துக்கிட்டாங்க."

"எதுக்காம்?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர்ல போட்டுக் கூட்டம் பண்ணுவாங்களாம். இனிமே நான் போகவேணாம், அதுவே போய்க்கும்னு மஞ்சுளா சொல்றா."

"நல்லதாப் போச்சு. நீ வீட்டுல படு, அது போய் வெயில்ல நிக்கட்டும்" என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் அம்மா அதிக நாள் இல்லை.

அம்மா போன அடுத்த வருடம் ஒரு ராஜா காலத்துப் படம் வந்தது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றியது. நான் தைத்துக்கொண்டே அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரைக் கொளுத்துகிறார்கள், ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள். ஊசி கையில் அப்படியே நின்றுவிட்டது. ஓடுகிறவர்களில் ஒருத்தி அம்மா. முகம், தோள், காதுக்குப் பக்கத்தில் நரைத்த முடி எல்லாம் அம்மா. சேலை மட்டும் அவளுடையது இல்லை. நாரினால் நெய்தது போல ஒரு சேலை. அதைச் சேலை என்றே சொல்லமுடியாது, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தேன். இடது ஓரத்தில் இன்னொரு அம்மா. புகைக்கு அந்தப் பக்கம் வேறொருத்தி. எல்லோரும் ஓடினார்கள். முழங்கால் தேய்ந்த அம்மா, பஸ் படி ஏறவே என் தோளைப் பிடிக்கிறவள், சின்னப் பெண் மாதிரி காலை வீசி ஓடினாள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஒருத்தி அம்பு பட்டு விழுந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு அடுத்த அம்மா ஓடினாள்.

அப்பாவிடம் காட்டக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் படத்தை ஒளித்து வைக்கும் பழக்கம் இல்லை. போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "நல்லா ஓடுறா பாரு. முட்டி வலியே இல்ல" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு டூட்டி முடிந்து வந்தால் சாப்பிடும் முன் அந்தக் காட்சியைப் போடச் சொல்வார். அம்பு படும் இடம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். சேலை அவளுடையது இல்லை என்பதால் அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா ஓடிய படம் என்றே சொல்லிக்கொண்டோம்.

இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்லவேண்டும் என்றால், ஒருவருக்குப் பிடித்த படத்தை மோசம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லாதே. நான் அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த அம்மாவின் கண்களை நான் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். கேமராவைப் பார்க்கக்கூடாது என்ற சட்டத்தை அவள் ஒருபோதும் மீறமாட்டாள். அவள் எதையுமே பார்க்கவில்லை.

இப்போது வரப்போகும் படத்துக்கு வருகிறேன். தேர்த் திருவிழாக் காட்சி, ஆயிரமாயிரம் பேர் நிற்கவேண்டும் என்று மஞ்சுளாக்கா தெருத்தெருவாக ஆள் தேடினாள். எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தாள். என்னை அவள் புட்டி என்றுதான் கூப்பிடுவாள், கன்னடத்தில் சின்னப் பெண் என்று அர்த்தம்.

"ஏன் புட்டி, நீயும் வாயேன். கூண்டுல நின்னா போதும். பேசவேணாம், நடக்கவேணாம். உன்ன மாதிரிப் பொண்ணுக்காகவே பண்ணின வேலை."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"கடிக்குமா என்ன, கேமராதானே. அந்தத் தேர் சீன்ல உங்கம்மாவும் இருக்கா தெரியுமா? முன்னாடி கூண்டுல எடுத்து வச்ச பழசு எல்லாத்தையும் திரும்பப் போடுறாங்க. நான் சொல்றேன், உன்ன அவ பக்கத்துலயே நிக்க வச்சிடுவாங்க. அம்மாவும் பொண்ணும் ஒரே படத்துல."

உள்ளே அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பித்தான் போடும் கை நின்றுவிட்டதைப் பார்த்தேன். அம்மாவும் நானும் சேர்ந்து எந்தப் படத்திலும் இல்லை மகனே. கூட்டத்தில் தன்னோடு நிற்க அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள், நான் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றதே இல்லை. அப்பா போகச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். "வரேன்க்கா" என்றேன்.

கூடாரம் ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால் போட்டிருந்தார்கள். உள்ளே வெள்ளை வெளிச்சம், நிழலே விழவில்லை. கைகளைச் சற்று விரித்துக்கொண்டு நடுவில் நிற்கச் சொன்னார்கள். "மூச்சு விடலாம்மா, அசையக்கூடாது" என்றார் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர். சென்னைக்காரர், வயதானவர், தன்மையாகப் பேசினார். பிறகு சிரிக்கச் சொன்னார், பயப்படச் சொன்னார், சாமி கும்பிடச் சொன்னார். எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் கூண்டை விட்டு வந்ததும் மஞ்சுளாக்கா அவரிடம், "சார், இவ அம்மா உங்ககிட்ட இருக்காங்க. ரெண்டு பேரையும் சேத்து ஒரு தடவ காட்டுங்க, சின்னப் பொண்ணு" என்றாள்.

அவர் எதையோ தட்டினார். அம்மாவுக்கு அங்கே பெயர் இல்லை, ஏதோ நம்பர். முதலில் நிறமே இல்லாமல், சாம்பல் மண்ணில் செய்த மாதிரி ஒரு பெண் வந்து கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பிறகு தோல் வந்தது, முடி வந்தது, திருவிழாச் சேலை வந்தது. பக்கத்தில் என்னைக் கொண்டுவந்து வைத்தார். நான் அம்மாவைவிட நாலு விரல் உயரமாக இருந்தேன். அம்மா போனபோது நான் அவள் காதுக்குத்தான் இருந்தேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்கும் தெரியாதவர்கள் மாதிரி நின்றோம். "இப்ப நடக்க விடறேன் பாருங்க" என்றார். இருவரும் நடந்தோம். ஒரே மாதிரி. அம்மாவின் நடையும் இல்லை, என் நடையும் இல்லை. யாரோ ஒரு பெண் எப்போதோ நடந்து காட்டினாளாம், எல்லாப் பெண்களுக்கும் அவள் நடைதான். சற்று தூரம் போனதும் அம்மா என் பக்கமாகத் திரும்பி, என் உடம்புக்குள் நுழைந்து, முதுகு வழியாக வெளியே வந்து, அப்படியே நடந்து போனாள்.

"அதச் சரி பண்ணிடலாம்" என்றார் அவர்.

என் தொண்டையிலிருந்து எப்படிச் சத்தம் வந்ததோ தெரியாது. "சார், அம்மா என்னைப் பாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் திருப்பினார். முகம் என்னை நோக்கி வந்தது, கண் வரவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல நிலைத்திருந்தது. திருத்தித் திருத்திப் பார்த்தார். "தூரத்துலேர்ந்து பாத்தா உன்னப் பாக்கிற மாதிரியே இருக்கும்மா. இவ்வளவு கிட்ட யாரும் பாக்கப் போறதில்ல" என்றார். நல்ல மனிதர். அவருக்காகத் தலையாட்டினேன். வெளியே வந்து வெயிலில் நின்றபிறகும் திரும்பித் திரும்பி என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். என்னை எந்த ஊரில் கொளுத்துவார்கள், எந்த அம்பு படும், எனக்குப் பிறகும் எத்தனை காலம் ஓட வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். அப்பா தட்டை நகர்த்தி வைத்தார்.

"சரி, உன் இஷ்டம். ஆனா அங்க அவ தனியா இருக்காளே."

"அது அம்மா இல்லப்பா."

"தெரியும்" என்றார். "இருந்தாலும்."

மஞ்சுளாக்காவிடம் போனில் நானே பேசினேன். படத்திலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். "ஹௌதா? நெசமாவா சொல்ற? சரி புட்டி, சொல்லிடறேன்" என்றாள். கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து நானே கேட்டேன். "எடுத்தாச்சாம், அஷ்டே" என்றாள். எங்கிருந்து எடுத்தார்கள், எத்தனை இடத்தில் வைத்திருந்தார்கள் என்று கேட்டதற்கு, அது அவளுக்கும் தெரியாது என்றாள்.

நேற்று டிரெய்லர் வந்தது. ஊரெல்லாம் அந்த ஹீரோ தேரின் வடத்தைப் பிடித்து நிற்கும் காட்சியைப் பற்றித்தான் பேச்சு. என் கருத்தைக் கேட்டால், தேர் நன்றாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இசை கொஞ்சம் அதிகம், படம் நிச்சயம் ஓடும். தைக்கவேண்டிய சேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்தேன். அம்மா கிடைத்தாள். தேர்ச் சக்கரத்துக்கு அருகே ஒருத்தி, மண்டபத்து ஓரம் ஒருத்தி, கூட்டத்தின் கடைசியில், புள்ளி மாதிரி, இன்னொருத்தி. அந்தக் கடைசி அம்மாவுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு பெண் நிற்கிறாள். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. யாராகவும் இருக்கலாம். அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தெரியல" என்றார். ஆனால் போனை உடனே திருப்பித் தரவில்லை.

நான் இனிமேல் படம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். இனி என்னையும் தேடவேண்டும், நான் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. உனக்கும் என்றைக்காவது, நான் கிழவியான பிறகோ, நான் இல்லாமலே போன பிறகோ, ஏதாவது ஒரு தியேட்டரில் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது பதினெட்டு வயதில் ஒரு பெண் கூட்டத்தில் ஓடுவது கண்ணில் படலாம். பயப்படாதே. அது உன் அம்மா இல்லை. எனக்கு வலிக்காது, என்னைக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. நான் வீட்டில் இருந்தால், திரும்பி வந்து அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் பேசு. கதை எப்படி, சண்டை எப்படி, எல்லாம் சொல்லு. நான் உயிரோடு இல்லை என்றால், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாய்விட்டுச் சொல்லு. ஒன்று மட்டும் மறக்காமல் பார்த்துச் சொல்லு மகனே. அங்கே நான் யார் பக்கத்தில் நிற்கிறேன் என்று.

இப்படிக்கு,
உன் அம்மாவாகப் போகிறவள்